‘டிக் டிக் டிக்’கும் ஒரே ‘டக்’கும்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது புதுச்சத்திரம். லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர் எடுத்த நாமக்கல் மாவட்டம் இது. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் காதுகள் இங்கே நிறைய. அந்தக் காதுகள் அறிந்த ஒன்றைக் கார் வைத்திருக்கும் எல்லோரும் அறிய வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காமல் சத்தம் மட்டும் வருவதில் இரண்டு வகை உண்டு. படபடவென்று ‘டிக் டிக் டிக்’ என அடிப்பது ஒன்று. ஒரே ஒரு ‘டக்’ போட்டு அடங்குவது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு கோளாறு. இரண்டுக்குமே புது பேட்டரி வாங்கி மாட்டுவதால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

சத்தம் பிறக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: செல்ஃப் மோட்டாரின் மேல் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு. அதற்குள் இரண்டு காயில்கள். ஒன்று இரும்புத் தண்டை உள்ளே இழுக்க, மற்றொன்று இழுத்ததைப் பிடித்து வைக்க. உள்ளே போகும் தண்டு, மோட்டாரின் சிறு பல்சக்கரத்தை ஃப்ளைவீல் பற்களோடு சேர்த்துவிட்டு, ஒரு செப்புத் தகட்டை இரண்டு செப்பு முனைகளின் மேல் அழுத்தும். அப்போதுதான் மோட்டாருக்கு முழுக் கரண்ட் பாயும். சிறிய பெட்ரோல் காருக்கே 100 ஆம்பியர் அளவில் வேண்டும். டீசலுக்கு அதைவிட அதிகம்.

பேட்டரி தளர்ந்திருந்தால் தகடு சேர்ந்த நொடியில் வோல்டேஜ் விழுந்துவிடும். பிடித்து வைக்கும் காயிலுக்குத் தெம்பு போய், ஸ்பிரிங் தண்டைத் திருப்பித் தள்ளும். பாரம் விலகியதும் வோல்டேஜ் ஏறும், தண்டு மறுபடி உள்ளே போகும், மறுபடி விழும். இப்படி நொடிக்குப் பல தடவை நடப்பதே ‘டிக் டிக் டிக்’.

ஒரே ‘டக்’கில் தண்டு உள்ளே போய் அங்கேயே நிற்கிறது. பிடித்து வைக்கக் கரண்ட் இருக்கிறது, மோட்டார்தான் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால் காரணம் பல நேரம் கண்ணுக்கே தெரியும். செப்பு முனை ஒரு பக்கம் குழிந்து கருகியிருக்கும். தகடு அதன்மேல் சரியாக உட்காராது. இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகி, ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஹெட்லைட் போதும். விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். படபடப்போடு வெளிச்சமும் மங்கித் துடித்தால் பேட்டரியையோ அதன் இணைப்பையோ பாருங்கள். ‘டக்’ கேட்டும் வெளிச்சம் குறையாமல் நின்றால் கரண்ட் மோட்டாருக்குள் நுழையவே இல்லை. முனையும் பிரஷ்ஷும்தான் சந்தேகத்துக்குரியவை. ‘டக்’ ஒன்றுதான், ஆனால் வெளிச்சம் ஒரேயடியாகப் படுத்துவிடுகிறது என்றால், பேட்டரி மிகவும் இறங்கியிருக்கலாம், அல்லது மோட்டாரோ இன்ஜினோ ஜாம் ஆகியிருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியில் இப்படி வந்தால் சாவியை மறுபடி தொடாதீர்கள், தள்ளவும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மீட்டர் வைத்தால் இன்னும் தெளிவாகும். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. படபடக்கும் வண்டியில் பேட்டரி 12.6 காட்டினால் டெர்மினலைப் பாருங்கள். அதில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடி வெறும் 0.05 ஓம் தடையாக நின்றாலே, 100 ஆம்பியர் பாயும்போது 5 வோல்ட்டைத் தின்றுவிடும். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, துடைத்து, இறுக்கி மாட்டினால் வண்டி கிளம்பிவிடலாம். செலவு சோடா வாங்கும் காசுதான்.

இரண்டும் வரும் வண்டிகளும் வேறு. வாரக்கணக்கில் நிற்கும் காருக்கும், கடைத்தெரு வரை மட்டுமே போய் வரும் காருக்கும் படபடப்பு சீக்கிரம் வரும். இந்தச் சமவெளியின் வெயில் அதற்குத் துணை. குளிர்நாட்டில் பேட்டரியைச் சோதிப்பது பனி. இங்கே அதன் ஆயுளைக் குறைப்பது கோடை. ‘டக்’ கோளாறு பாடுபடும் வண்டிகளுக்கு உரியது. பண்ணை பண்ணையாக நின்று கிளம்பும் முட்டை வண்டியும், வாடகைக் காரும் நாளுக்குப் பல தடவை செல்ஃப் அடிக்கின்றன; ஒவ்வொரு தடவையும் அந்தச் செப்பு முனை கொஞ்சம் கருகுகிறது.

நடுவழியில் செய்யும் உதவியும் ஒன்றாக இருக்க முடியாது. படபடப்புக்கு இன்னொரு பேட்டரியிலிருந்து லீடு கொடுத்தால் வண்டி எடுக்கும். முனை கருகிய வண்டிக்கு எத்தனை பேட்டரி சேர்த்தாலும் பயனில்லை. இந்தச் சாலையில் உதவ நிற்பவர் பெரும்பாலும் லாரிக்காரர்தான். அவர் வண்டி 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகச் சேர்த்திருப்பார்கள். இரண்டின் கோடிகளிலும் லீடு மாட்டினால் காரின் எலக்ட்ரானிக்ஸ் பாழாகும். நெகட்டிவ் சேசிஸுக்குப் போகும் அந்த ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது இரண்டிலும் கைகொடுக்கலாம். அதனாலேயே அது கோளாறைச் சொல்லாது. செல்ஃப் மோட்டாரைச் சுத்தியலால் தட்டும் பழைய வித்தை, ஒட்டிய பிரஷ்ஷைத் தற்காலிகமாக அசைக்கும். ஆனால் இப்போதைய மோட்டார்கள் பலவற்றில் இருப்பது நிரந்தரக் காந்தம், பலமாக அடித்தால் விரிசல் விடும்.

செல்ஃப் மோட்டாரையும் முழுசாக மாற்ற அவசரப்பட வேண்டாம். பல வண்டிகளுக்குச் சொலினாய்டும் பிரஷ்ஷும் தனியாகவே கிடைக்கின்றன. படபடத்த வண்டியிலோ, புது பேட்டரி போட்டாலும் ஓடும் இன்ஜினில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு டைனமோவில். புது பேட்டரியும் அதே வழியில் இறங்கிப்போகும். ஆகவே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் “ஸ்டார்ட் ஆகவில்லை” என்று மட்டும் சொல்லாமல், எந்தச் சத்தம் வந்தது, வெளிச்சம் மங்கியதா என்று சேர்த்துச் சொல்லுங்கள். எந்தப் பொருளை மாற்றச் சொன்னாலும், மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்த பிறகே காசை எடுங்கள்.