டார்வின் ஒதுக்கிய சொல்

பரிணாமம் என்று நாம் படித்த 'எவல்யூஷன்' காதில் விழுந்ததுமே டார்வினின் தாடி கண்முன் வந்து நிற்கும். ஆனால் 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் பதிப்பில் அந்தச் சொல் கிடையாது. அதன் வினைவடிவம் மட்டும் ஒரே முறை, நூலின் கடைசிச் சொல்லாக எட்டிப் பார்க்கிறது.

சொல் பிறந்தது ரோமானியர்களிடம். அவர்களுடைய நூல் பாப்பிரஸ் சுருள். வலக்கையில் சுருளைப் பிடித்துப் பிரித்தபடியே, படித்து முடித்த பகுதியை இடக்கையால் சுருட்டிக்கொண்டு போவார்கள். இந்தச் சுருள் பிரிப்புதான் லத்தீனில் 'எவொலூத்தியோ'. கவிஞர்களைப் படிப்பதையே ரோமானியப் பேச்சாளர் சிசரோ இந்தச் சொல்லால் குறித்தார். புத்தகத்தைச் சுட்டும் 'வால்யூம்' இதற்கு உடன்பிறப்பு.

சுருளைப் பிரித்தால் புதிதாக எதுவும் எழுதப்படுவதில்லை. முன்பே எழுதியதுதான் வெளியே தெரிகிறது. 18-ஆம் நூற்றாண்டின் கருவியலாளர்கள் சிலருக்கு இது வசதியாகப் போயிற்று. முழு உயிரும் பொடியளவில் கருவுக்குள் தயாராக இருக்கிறது, அது விரிவதே வளர்ச்சி என்று நம்பியவர்கள் அவர்கள். சுவிட்சர்லாந்தின் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் 1744-இல் இந்தக் கொள்கைக்கு 'எவொலூத்தியோ' என்ற பெயரைச் சூட்டினார். ஜெனீவாவின் சார்ல் பொன்னே இன்னும் ஒரு படி மேலே போனார். கருவுக்குள் கரு, அதற்குள்ளும் கரு என்று, வரப்போகும் தலைமுறை அத்தனையும் முதல் தாயிடமே அடங்கியிருந்தனவாம்!

டார்வின் சொன்னதோ நேர்மாறு. முன்பே எழுதிய திட்டம் எதுவுமில்லை. சிறுசிறு வேறுபாடுகளில் சூழலுக்கு ஒத்துவந்தவை தலைமுறை தலைமுறையாகச் சேர்கின்றன, அவ்வளவுதான். 'மாற்றத்தோடு கூடிய வழிவருகை' என்று அவர் நீட்டி முழக்கியே எழுதினார். அது யார் வாயில் நுழையும்? விண்மீன் கூட்டம் முதல் மனித சமூகம் வரை எல்லாவற்றுக்கும் 'எவல்யூஷன்' என்றே பெயரிட்டுப் பரப்பினார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர். கூடவே 'முன்னேற்றம்' என்ற வாடையையும் ஏற்றிவிட்டார். ஊரோடு ஒத்துப்போக டார்வினும் இறங்கி வந்தார். 1872-இல் வந்த ஆறாம் பதிப்பில் அந்தச் சொல் இடம்பிடித்தது.

ஸ்பென்சர் ஏற்றிய வாடை இன்னும் போகவில்லை. புது மாடல் ஃபோனும் 'எவல்யூஷன்', போக்கிமான் விளையாட்டில் ஒரு பிராணி நொடியில் உருமாறினாலும் 'எவல்யூஷன்'. உயிரியலில் தனி உயிர் ஒன்று இப்படி மாறுவதில்லை, ஒரு கூட்டம்தான் தலைமுறைகளின் ஊடே மாறும். அது மேலே ஏறித்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை. மெக்சிகோவின் இருண்ட குகைகளில் வாழும் மீன்கள் தலைமுறைகளின் போக்கில் கண்ணை இழந்தனவே, அதுவும் எவல்யூஷன்தான்.