ஒரு பூட்டுக்குக் கணினி கொடுக்கும் விலை

தாம்பரம், சேலையூர், வண்டலூர் பகுதிக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகளிடம் வேலைக்கான நேர்முகத் தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: மியூட்டெக்ஸுக்கும் செமாஃபோருக்கும் என்ன வித்தியாசம்? விளக்கம் பலருக்கும் தெரியும். அவற்றுக்கு ஆகும் செலவைப் பலர் யோசிப்பதில்லை.

பூட்டு ஏன் தேவை?

ஒரு புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளே த்ரெட்கள். கணக்கில் 1000 ரூபாய் இருக்கிறது. இரண்டு த்ரெட்கள் ஆளுக்கு 100 ரூபாய் வரவு வைக்கின்றன. இரண்டுமே 1000 என்று படித்து 1100 என்று எழுதினால், 100 ரூபாய் காணாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடுவது மியூட்டெக்ஸ். குறிப்பிட்ட எண்ணிக்கை வரை அனுமதிப்பது செமாஃபோர். நெதர்லாந்து அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1960களில் உருவாக்கியது இது. ரயில்வே கைகாட்டியின் பெயரும் செமாஃபோர்தான்.

நினைவகச் செலவு

64 பிட் இன்டெல் வகைக் கணினியில், வழக்கமான லினக்ஸில் செமாஃபோர் 32 பைட், மியூட்டெக்ஸ் 40 பைட், கண்டிஷன் வேரியபிள் 48 பைட், ரீட்-ரைட் லாக் 56 பைட் எடுக்கும். ஒன்றிரண்டு என்றால் கவலையில்லை. பத்து லட்சம் பதிவுகளுக்கும் தனித்தனி மியூட்டெக்ஸ் வைத்தால் 4 கோடி பைட், அதாவது 40 எம்பி போய்விடும்.

நேரச் செலவு

பூட்டு காலியாக இருந்தால் சில பத்து நானோ விநாடிகளில் வேலை முடியும். 2002இல் லினக்ஸுக்காக வெளியிடப்பட்ட ஃபியூடெக்ஸ் முறையில், போட்டி இல்லாதபோது கெர்னலை அழைக்கவே வேண்டியதில்லை. போட்டி வந்தால்தான் கெர்னல் அந்த த்ரெட்டைத் தூங்க வைத்து, பிறகு எழுப்பும். இதற்கு மைக்ரோ விநாடிகள் ஆகும்.

ஸ்பின்லாக் தூங்குவதில்லை. டோக்கன் வாங்கி உட்காராமல், டாக்டர் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பவரைப் போன்றது அது. காத்திருப்பு மிகக் குறைவு என்றால் லாபம். நீண்டால் சிபியூவும் பேட்டரியும் வீண்.

விண்டோஸிலும் இதே கணக்குதான். அங்கே மியூட்டெக்ஸ் கெர்னலின் பொறுப்பில் இருப்பது. பல புரோகிராம்களுக்குப் பொதுவான பூட்டு என்றால் அது வேண்டும். ஒரே புரோகிராமுக்குள் என்றால் கிரிட்டிக்கல் செக்ஷன் மலிவு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பூட்டின் அளவைவிட, அதைப் பிடித்து வைத்திருக்கும் நேரமே பெரிய செலவு. பூட்டிய நிலையில் ஃபைல் படிப்பதையும் நெட்வொர்க் பதிலுக்குக் காத்திருப்பதையும் தவிர்க்க வேண்டும். மாணவர்கள் ஒரே புரோகிராமை இருவிதப் பூட்டுகளோடு ஓட்டி, நேரத்தை அளந்து பார்க்கலாம். அளந்து பார்த்துச் சொல்லும் பதிலுக்கு நேர்முகத் தேர்வில் தனி மதிப்பு உண்டு.