இரும்புத் தூணும் ஏழு தொட்டிகளும்

ஊரிலிருந்து யார் வந்தாலும் குதுப் மினாருக்கு அழைத்துப் போவது டெல்லித் தமிழர்களின் தலையாய கடமை. மினாரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் எல்லோரும் வந்து நிற்பது பக்கத்திலிருக்கும் இரும்புத் தூணிடம்தான். 1997-ல் வேலி போடும்வரை ஜனங்கள் தூணில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்பக்கமாகக் கோத்துப் பார்ப்பார்கள். கோத்துவிட்டால் நினைத்தது நடக்குமாம். இப்போது வேலிக்கு வெளியே நின்று கேள்வி மட்டும் கேட்கலாம். கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "ஆயிரத்து அறுநூறு வருஷமா துருப்பிடிக்கலையாமே, என்ன மருந்து தடவினாங்க?"

எனக்குப் பிழைப்பே துருவோடுதான் (ஃபரிதாபாத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்). அதனால் இந்தக் கேள்விக்குச் சும்மா தலையாட்ட மனசு வருவதில்லை.

முதலில், தூண் துருப்பிடிக்கவில்லை என்பதே சரியில்லை. துருப்பிடித்தது. அந்தத் துருவே பிறகு காவலாகிவிட்டது. இதை விளக்கியவர் கான்பூர் ஐஐடியில் உலோகவியல் பேராசிரியராக இருந்து 2009-ல் காலமான ஆர். பாலசுப்ரமணியம். இந்தத் தூண் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், கால் சதவீதம் அளவுக்கு. இன்றைய எஃகில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்க விடமாட்டார்கள். பாஸ்பரஸ் கூடினால் இரும்பு நொறுங்கும் குணம் பெற்றுவிடும். அந்தக் காலத்து உலையில் தாதுவையும் மரக்கரியையும் போட்டு உருக்கினார்கள், சுண்ணாம்புக்கல் போடவில்லை. ஆகவே பாஸ்பரஸ் கசடோடு வெளியேறாமல் இரும்பிலேயே தங்கிவிட்டது. மழையிலும் வெயிலிலும் மாறி மாறி நனைந்து காய்ந்தபோது, அந்தப் பாஸ்பரஸ் இரும்புக்கும் துருவுக்கும் நடுவே இரும்பு பாஸ்பேட் ஏடாகப் படிந்தது. பால் காய்ந்தால் மேலே ஆடை படிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரமும் காற்றும் அந்த ஆடையைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம்.

"அப்படியென்றால் பாஸ்பேட்டிங்கை நம்மவர்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்!" என்று மார்தட்டும் மின்னஞ்சல்கள் எனக்கும் வருகின்றன. எனக்கு இதில் சம்மதமில்லை. ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள தூணைச் சூட்டோடு சூடாக அடித்து இணைத்தார்களே, அந்த வேலைக்கு எத்தனை கும்பிடு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் பாஸ்பேட் ஏடு அவர்கள் திட்டமிட்டுப் பூசியது அல்ல, காலம் பூசியது. தரைக்கு மேலே காற்றில் காய்கிற பகுதிக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. மண்ணுக்குள் ஈரத்திலேயே கிடந்த அடிப்பாகம் நன்றாகவே துருவேறியிருந்தது. 1961-ல் தொல்லியல் துறை தூணை எடுத்துச் சுத்தம் செய்து, அடிப்பாகத்துக்கு ஈயத் தகடு சுற்றித் திரும்ப நட்டது.

நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட இந்த வேலையைச் சில நிமிடங்களில் முடிப்பதுதான் என் தொழில். அதன் கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. 1869-ல் ராஸ் என்பவர் வாங்கிய காப்புரிமைதான் நமக்குத் தெரிந்த பழைய பதிவு. பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாஸ்பாரிக் அமிலத்தில் முக்குவது அவர் முறை. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பாலத்துக்கோ கப்பலுக்கோ இல்லை. சீமாட்டிகள் இடுப்பை இறுக்கக் கட்டும் கார்செட்டின் உள்ளே வைக்கும் இரும்புப் பட்டைகளுக்கு! வியர்வையில் அவை துருவேறித் துணியைக் கறையாக்கினால் யார் வாங்குவார்கள்?

உருப்படியான முறை 1906-ல் வந்தது. பர்மிங்காமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் இரும்புத் தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து, அதில் பொருட்களை மூழ்கடித்தார். அமிலம் எஃகின் மேற்பரப்பைக் கொஞ்சம் அரிக்கும். அரிக்கிற இடத்தில் அமிலம் தீர்ந்துபோகும். அமிலம் குறைந்ததும், அதுவரை கரைந்திருந்த பாஸ்பேட் அங்கேயே சின்னச் சின்னப் படிகங்களாக எஃகைப் பற்றிக்கொள்ளும். அரிப்பை வைத்தே அரிப்பைத் தடுப்பது! என்ன, ஒரு தடவை முக்கி எடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும்.

அதற்குப் பிறகான சரித்திரம் முழுக்க அந்த இரண்டு மணி நேரத்தைக் குறைத்த சரித்திரம். அமெரிக்காவில் உரிமையை வாங்கிய பார்க்கர் குடும்பம் 1915-ல் டெட்ராய்டில் கம்பெனி தொடங்கியது. 'பார்க்கரைசிங்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். இரண்டாம் உலகப் போரின் எம்1 கராண்ட் துப்பாக்கிகள் அந்தச் சாம்பல் நிறத்தில் இருப்பதும் அதனால்தான். 1920களின் இறுதியில் தொட்டியில் துளி செம்பு உப்பு சேர்த்ததும் நேரம் பத்து நிமிடத்துக்கு இறங்கியது. 1930களில் நைட்ரேட் போன்ற உப்புகளும், முக்குவதற்குப் பதில் தெளிக்கும் முறையும் வந்தன. வேலை ஒன்றிரண்டு நிமிடம் என்றானதும் கார் கம்பெனிகள் விடவில்லை. ஓடும் சங்கிலியில் தொங்கும் காருக்கு இரண்டு மணி நேரம் யார் நிற்பார்கள்?

எங்கள் பக்கம் இதற்குப் பெயர் 'செவன் டாங்க்'. எண்ணெய் நீக்க ஒன்று, கழுவ ஒன்று, துரு எடுக்க ஒன்று, மறுபடி கழுவ ஒன்று, பாஸ்பேட், கழுவல், கடைசியாகப் பாசிவேஷன். இந்தக் கடைசித் தொட்டியில்தான் வெகுகாலம் குரோமிக் அமிலம் இருந்தது. துருவுக்கு அருமையான எதிரி, மனிதனுக்குப் புற்றுநோய். கையுறை இல்லாமல் அந்தத் தொட்டியில் கைவிட்டு எடுத்தவர்களைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்கள் எழுதுவதில்லை.

பாஸ்பேட் பூச்சு இரண்டு மூன்று மைக்ரான்தான். அதை மட்டும் நம்பினால் சில நாளில் துரு வந்துவிடும். அதன் முக்கிய வேலை, சொரசொரப்பான பிடிமானம் கொடுப்பதும், பெயிண்ட் கீறினால் துரு அடியிலேயே ஊர்ந்து பரவாமல் தடுப்பதும். பெயிண்ட் அடித்தபின் கண்ணுக்கே தெரியாது. ஏமாற்ற இதைவிட வசதியான இடம் ஏது? சின்ன ஜாப் ஒர்க் பட்டறைகளில் டிசம்பர் குளிரில் டீசல் மிச்சம் பிடிக்க ஹீட்டரை அணைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது டிகிரியில் இருக்க வேண்டிய தொட்டி ஐஸாக இருக்கும். பீரோ என்னவோ பளபளவென்றுதான் டெலிவரி ஆகும். இரண்டாம் மழைக்காலத்தில் கொப்புளம்.

2000களிலிருந்து பெரிய கார் ஆலைகள் பாஸ்பேட்டையே கைவிட்டு ஸிர்கோனியத்துக்கு மாறி வருகின்றன. பூச்சு இன்னும் மெல்லியது, தொட்டியடியில் சேறு குறைவு, கழிவுநீரில் நிக்கல் இல்லை.

ஊரில் வீடு கட்டுகிறவர்கள் அடுத்து கேட்பது கேட்டும் கிரில்லும் பற்றித்தான். வாசலிலேயே வெல்டிங் வைத்த கேட்டைத் தொட்டியில் முக்க முடியாதே! துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் தடவச் சொல்லுங்கள். பாஸ்பாரிக் அமிலம், டானிக் அமிலம் இரண்டு வகையிலும் கிடைக்கும். டானிக் வகை தடவினால் துரு கறுத்துப்போகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் ஊரில் மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம்தான். டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டு, அடுத்த பனி விழுவதற்குள் ரெட் ஆக்ஸைடு அடித்துவிட வேண்டும். பெயிண்டர் "நாளைக்கு வந்து அடிக்கிறேன் சார்" என்று கிளம்பினால் விடாதீர்கள்.