மாற்றப்பட்ட பகுதி

செங்கோட்டைப் பக்கத்து வயல் ஒன்று கிரயத்துக்கு வந்தால், மூலப்பத்திரக் கட்டை அவிழ்க்கும்போதே தெரியும், கீழே போகப் போகத் தாள் மாறும் என்று. மேலே சிங்கத் தலை முத்திரைத்தாள், தமிழ், பட்டா எண். அடியில் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்த் தாள், மலையாள எழுத்து, பட்டாவுக்குப் பதிலாகத் தண்டப்பேர். கொல்லம் ஆண்டுத் தேதி மட்டும் எங்களுக்குப் புதிதில்லை. நெல்லைச் சீமைப் பழைய ஓலைகளிலும் அதுதான்.

தென்காசியில் நான் பத்திரம் எழுதப் பழகிய காலத்தில், எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர் பேனாவைத் தொடவே விடமாட்டார். "ஏ தம்பி, மொதல்ல தேதியப் பாருடே. அம்பத்தாறு நவம்பர் ஒண்ணுக்கு முன்னயா பின்னயா?" என்பார். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தது பின்னால்தான்.

செங்கோட்டை மலைக்குக் கிழக்கே கிடக்கிற ஊர். அந்தப் பக்கத்து மழை அனுமன் நதியாக இறங்கி, சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தண்ணீர் திருநெல்வேலிக்கு, தீர்வை திருவனந்தபுரத்துக்கு என்றுதான் வெகுகாலம் இருந்தது. 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிக் கலெக்டரைச் சுட்டவர் திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பிரஜை என்பது நான் படித்த பள்ளிப் பாடத்தில் இல்லை.

தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டுத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடும் தெரிந்த கதைகள். பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் இருந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தது. ஐந்து தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கிடையாது. இதோடு விஷயம் முடிந்தது என்று ஊரில் வெடி போட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஆணையத்தின் அறிக்கை வெறும் யோசனை. அதை வைத்துப் பட்டா மாற்ற முடியாது.

மாநில எல்லையைத் தொடுகிற மசோதாவுக்கு அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவு தனி வாசல் வைத்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் அதை நாடாளுமன்றத்தில் வைக்க முடியாது. எல்லை மாறும் மாநிலங்களின் சட்டசபைகளிடம் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. கருத்துச் சொல்லக் கெடு வைக்கிற அதிகாரத்தை 1955 டிசம்பரில் ஐந்தாவது திருத்தம் கொடுத்தது. திருவிதாங்கூர்-கொச்சியோ 1956 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்குள் போய்விட்டது; கருத்துக் கேட்க அங்கே சட்டசபையே இல்லை.

ஏப்ரலில் மாநில மறுசீரமைப்பு மசோதா மக்களவைக்கு வந்தது. நடத்திச் சென்றவர் உள்துறை அமைச்சர் பந்த். இரு அவை உறுப்பினர்களும் இருந்த கூட்டுக் குழுவுக்குப் போய்த் திரும்பி, ஒவ்வொரு பிரிவாக விவாதிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாய் விஷயத்தில் அவையிலேயே திருத்தம் கொண்டுவந்து, குஜராத்தியும் மராத்தியும் பேசுகிறவர்களை ஒரே மாநிலத்தில் போட்டார்கள். உள்ளே போன மசோதா வேறு, வெளியே வந்த சட்டம் வேறு. மாநிலங்களவையும் தாண்டி, ஆகஸ்ட் 31 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது நவம்பர் 1.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் விசித்திரமாகப் படுகிறது. ஒரு தாலுகாவைப் பிடுங்கி இன்னொரு மாநிலத்தில் நட, வந்திருந்து வாக்களிப்பவர்களில் சாதாரணப் பெரும்பான்மை போதுமானதாக இருந்தது. அதே நாளில் அமலான ஏழாவது திருத்தம், மாநிலங்களுக்கு இருந்த 'ஏ', 'பி', 'சி' என்ற வகைப்பெயர்களை நீக்க, மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கேட்டது. எழுத்தைவிட வயல் அவ்வளவு லேசா?

எங்கள் ஊருக்கு உரியது சட்டத்தின் நான்காம் பிரிவு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம். செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு. ஆரியங்காவும் தென்மலையும் கேரளத்தில் தங்கின.

பத்திரம் எழுதுகிறவனுக்குப் பெரிய பிரிவு நாலாவது இல்லை, 119. நிலம் மாறினாலும் அங்கே நடப்பிலிருந்த சட்டங்கள், உரிய சட்டசபை மாற்றும்வரை அப்படியே தொடரும் என்பது அதன் சாரம். நவம்பர் 1 காலையில் செங்கோட்டை சென்னை மாநிலம். அதன் நிலத்துக்குத் திருவிதாங்கூர்ச் சட்டம். 1957-இல் சென்னைச் சட்டசபை, மாற்றப்பட்ட பகுதிக்குத் தன் சட்டங்களை நீட்டிக்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ரயத்துவாரித் தீர்வைக்கு 1964-இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 'மாற்றப்பட்ட பகுதி' என்பதே எங்களுக்குச் சட்டப் பெயராகிவிட்டது.

இதைவிட நீண்ட கதையும் உண்டு. 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. 1951-இல் நாடாளுமன்றம் 'பி' பகுதி மாநிலங்களுக்கு மத்தியச் சட்டங்களை விரித்தபோதே அது செத்துப்போனது என்று, மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1986-இல். நடுவில் முப்பத்தைந்து வருஷம் செத்த சட்டத்தை வைத்துப் பாகம் பிரித்தவர்கள் எத்தனையோ.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகி, செங்கோட்டை அதற்குள் போனது. மாவட்ட எல்லைக்கு நாடாளுமன்றம் வேண்டாம், அரசாணை போதும். அச்சடித்து வைத்திருந்த படிவங்களில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்பதை ஒரு மாதம் கையால் அடித்து எழுதினேன். பழைய வயல் என்றால் சொத்து விவரத்தில் இப்போது மூன்று வரி: ஆதியில் கொல்லம் மாவட்டம், பின்னிட்டு திருநெல்வேலி மாவட்டம், தற்போது தென்காசி மாவட்டம், செங்கோட்டை வட்டம். நாலு எல்லையில் கிழக்கே வாய்க்கால் என்பதை மட்டும் மூலப்பத்திரத்தில் இருந்தபடியே எழுதிவிடுவேன்.