கடல் வரை போகும் பலகை

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் நான் கரைத் தொழிலாளி. இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் போனதால் படகேறியதில்லை. வலையை முளையில் மாட்டி இழுத்து, ஊசியில் நைலான் நூலேற்றி, அறுந்த கண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுவேன். கண் அளவு பிசகினால் மீன் தப்பிவிடும். முடிச்சு சரியாக இருக்கிறதா என்பதுதான் இங்கே கணக்கு. அதனால் கூலியில் யாரும் குறைத்ததில்லை.

சட்டம் பிறகுதான் வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் மூன்று சதவீதம் ஒதுக்கியது. 2016-இன் சட்டம் அதை நான்காக்கி, ஏழு வகைக் குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்தது. நல்லது. வலைக்காரருக்கு அது எட்டாது.

வேலை கிடைத்தாலும், பொழுதுபோக்க இடம்? சென்னை மெரினாவில் சில ஆண்டுகள் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3-ஐ ஒட்டி மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். மற்ற நாளெல்லாம் சக்கர நாற்காலி மணலில் புதையும். மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலர்கள் விடாமல் கேட்டதில், 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை திறந்தது: 263 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், செலவு ஒரு கோடிக்கு மேல். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் கடல்பக்க முனையைப் பெயர்த்தது. பழுது பார்த்து மீண்டும் திறந்தார்கள். வீண்செலவு என்றவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. புயலில் உடைந்த சாலையை யாரும் வேண்டாமென்பதில்லையே.

அதுபோன்ற பாதை எங்கள் எண்ணூர்க் கரைக்கும் வேண்டும். மழைக்காலத்துக்கு முன் கழற்றி வைக்கும்படி பலகைகளைப் பூட்டினால் போதும்.