பழி சுமந்த சிலந்தி தந்த மருந்து

பிரேசிலின் புல்வெளிகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் ஓடித் திரியும் ஒரு சிலந்தி உண்டு. அறிவியல் பெயர் லைக்கோசா எரித்ரோக்னாதா. வலை பின்னிக் காத்திருக்கும் பொறுமை இதற்குக் கிடையாது. தரையில் ஓடி இரையைப் பிடிக்கும். அதனால் இதன் குடும்பத்துக்கே ஓநாய்ச் சிலந்தி என்று பெயர். 1920களிலிருந்து அங்கே ஓநாய்ச் சிலந்திகள் மேல் ஒரு பழி: கடித்தால் சதை அழுகும் என்று. சாவோ பாவ்லோவின் புட்டான்டான் நிறுவனம் இதற்கென்றே எதிர்நஞ்சு தயாரித்தது. சதையை அழுகவைத்தது லாக்ஸோசெலஸ் என்னும் வேறொரு பழுப்புச் சிலந்தி என்பது பின்னால்தான் தெளிவானது. ஓநாய்ச் சிலந்தி கடித்த 515 பேரைப் பற்றிய ஆய்வு 1990இல் வெளிவந்தது. பெரும்பாலோருக்கு வலி மட்டும்தான். யாருக்கும் சதை அழுகவில்லை. எதிர்நஞ்சுத் தயாரிப்பும் கைவிடப்பட்டது.

பழி நீங்கிய சிலந்தியை யாரும் மறந்துவிடுவார்கள். இதை மறக்காததற்குக் காரணம், வடக்கே கலிபோர்னியாவில் நடந்த வேறொரு வேலை. ரிவர்சைடிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எல். யான், மைக்கேல் ஆடம்ஸ் இருவரும் வட அமெரிக்க ஓநாய்ச் சிலந்தி ஒன்றின் நஞ்சைக் கூறு கூறாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அதில் பாக்டீரியாவைக் கொல்லும் இரண்டு பெப்டைடுகள் கிடைத்தன. பெப்டைடு என்றால் குட்டிப் புரதம்: இவற்றில் ஒன்று 25 அமினோ அமிலம், மற்றது 27. லைக்கோடாக்சின்-1, லைக்கோடாக்சின்-2 என்று பெயரிட்டு 1998இல் அறிவித்தார்கள்.

பூச்சியைக் கொல்லும் நஞ்சில் பாக்டீரியாவைக் கொல்லும் பொருளுக்கு என்ன வேலை? நஞ்சுப் பையில் கிருமி சேராமல் காக்கிறது என்பது ஒரு விளக்கம். இரையின் செல்சவ்வைக் குலைத்து மற்ற நச்சுகளுக்குத் துணை நிற்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சிலந்தி குறிவைப்பது பூச்சியை. பாக்டீரியா சாவது உபரி.

2010இல் பெலோ ஓரிசோன்டி நகரத்திலுள்ள மினாஸ் ஜெராய்ஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகக் குழு, பிரேசில் சிலந்தியின் நஞ்சிலும் இதேபோன்ற ஒரு பெப்டைடைக் கண்டெடுத்தது. பெயர் லைடெக்ஸ்-1. இதற்கும் 25 அமினோ அமிலம். அதில் 21 இடங்களில் வட அமெரிக்க லைக்கோடாக்சின்-1ஐ அப்படியே ஒத்திருந்தது. இரண்டு கண்டங்கள், இரண்டு சிலந்திகள், கிட்டத்தட்ட ஒரே ஆயுதம். ஈ. கோலை, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆகிய பாக்டீரியாக்களோடு சில பூஞ்சைகளையும் அது தாக்கியது.

தாக்கும் விதம் பெனிசிலினைப் போன்றதல்ல. நீரில் தளர்ந்த நூலாக மிதக்கும் இந்தப் பெப்டைடு, சவ்வைத் தொட்டதும் சுருளாக முறுக்கிக்கொள்கிறது. சுருளின் ஒரு பக்கம் நேர்மின்னேற்றம் கொண்ட லைசின்கள், மறுபக்கம் கொழுப்போடு ஒட்டும் அமிலங்கள். பாக்டீரியாவின் சவ்வு எதிர்மின்னேற்றம் உடையது என்பதால் அங்கே போய் ஒட்டி, ஊடுருவி, ஓட்டையாக்குகிறது. நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அது இருந்தால் பெப்டைடின் வேகம் குறைவதைச் செயற்கைச் சவ்வுகளில் பார்த்தார்கள். (ஊரே திட்டும் கொலஸ்ட்ரால் இங்கே நமக்குக் காவல்!) ஆனாலும் அளவு கூடினால் நம் ரத்தச் சிவப்பணுக்களும் உடையும். கண்டுபிடிப்பதைவிடக் கடினம், கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நம் செல்லை உடைக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியை அகலப்படுத்துவதுதான்.

அமினோ அமில வரிசை தெரிந்துவிட்ட பிறகு சிலந்தி தேவையில்லை. ஆய்வகத்திலேயே அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துவிடலாம், விரும்பியபடி மாற்றவும் செய்யலாம். 16ஆம் இடத்திலிருந்த ஹிஸ்டிடினை எடுத்துவிட்டு, முன்முனையில் ஓர் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்தார்கள். இப்படிப் பிறந்ததுதான் லைடெக்ஸ்-1பி. எந்தச் சிலந்தியும் சுரக்காத பெப்டைடு அது; பல பாக்டீரியாக்களிடம் மூலத்தைவிட வலுவாக வேலை செய்தது. மூட்டில் கிருமித் தொற்று ஏற்படுத்திய எலிகளுக்குக் கொடுத்தபோது கிருமியும் குறைந்தது, அழற்சியும் குறைந்தது. அந்த முடிவுகள் 2018இல் வெளியாயின. முயல்களின் கண் தொற்றிலும் சோதித்திருக்கிறார்கள்.

மருந்தாக்கும் அடுத்த கட்டம்தான் கரடுமுரடானது. ரத்தத்திலுள்ள நொதிகள் பெப்டைடை வெட்டிவிடும். செய்யும் செலவும் அதிகம். தவளைத் தோலில் கிடைத்த மெகெய்னின் என்னும் பெப்டைடிலிருந்து உருவாக்கிய பெக்சிகனான் என்ற களிம்பு, மனிதச் சோதனைகள் வரை போயும் 1999இல் அமெரிக்க அனுமதி பெறவில்லை. சிலந்தி நஞ்சிலிருந்து பிறந்த ஆன்டிபயாடிக் ஒன்றுகூட இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. வந்தால், ஊசியாகவோ மாத்திரையாகவோ அல்ல, கண் சொட்டு மருந்தாகவோ புண்ணுக்குப் போடும் களிம்பாகவோதான் முதலில் வரும் என்பது என் கணிப்பு.