முத்துக்குப் பெயர் மார்கரெட்

இங்கிலாந்தில் வீட்டார் ‘பெக்கி’ என்று கூப்பிடும் பெண்ணுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘மார்கரெட்’ என்று பெயர் இருக்கும். ‘டெய்சி’ என்றால் திரும்பிப் பார்ப்பவளும் பல நேரம் மார்கரெட்தான். பதிவேட்டில் ஒரு பெயர், திண்ணையில் ஒரு பெயர் என்பது நமக்கும் பழக்கந்தான். ஆனால் மார்கரெட் எப்படிப் பெக்கி ஆனாள்? ஓசையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வேரிலிருந்து வருவோம். கிரேக்கத்தில் ‘மார்கரித்தேஸ்’ என்றால் முத்து. சொல் கிரேக்கர்களின் சொந்தச் சரக்கு அல்ல. முத்தைப் போலவே அதுவும் கிழக்கிலிருந்து போன இறக்குமதி. வடமொழி ‘மஞ்சரி’யோடு அதை இணைத்தவர்கள் உண்டு. பழைய ஈரானிய மொழி ஒன்றிலிருந்து வந்தது என்பதே இன்று வலுவான கருத்து. முத்துக்குப் பாரசீகர் சொல்லும் ‘மொர்வாரீத்’ அதன் உடன்பிறப்பு. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ், கற்களைப் பற்றிய தம் நூலில், விலையுயர்ந்த மாலைகளாகும் இந்தப் பொருள் இந்தியக் கடலோரச் சிப்பிகளில் கிடைப்பதாக எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளுஸ்’ என்ற கடற்பயணக் குறிப்பு இடத்தையே சொல்லிவிடுகிறது: பாண்டியரின் கொற்கை. அங்கே தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்தார்களாம். ரோமானியச் சீமாட்டிகள் காதில் ஆடிய ‘மார்கரீட்டா’க்களில் சில நம் மன்னார் வளைகுடாவில் விளைந்தவை.

அந்த லத்தீன் சொல் பெண்பெயராகவும் புழங்கியது. அதை ஐரோப்பாவெங்கும் பரப்பியவர் அந்தியோக்கியாவின் புனித மார்கரெட். சிறையில் அவரை ஒரு பறவைநாகம் விழுங்கியதாம். கையிலிருந்த சிலுவை உறுத்த, நாகத்தின் வயிறு வெடித்து முழுசாக வெளியே வந்தாராம். வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவர் என்பதால் பிள்ளைப்பேற்றின்போது பெண்கள் வேண்டிக்கொள்ளும் புனிதரானார். பிரான்சின் ஜோன் ஆஃப் ஆர்க் தனக்குக் கேட்டதாகச் சொன்ன குரல்களில் ஒன்று இவருடையது. கதைக்கு வரலாற்றுச் சான்று போதவில்லை என்று 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து இவர் திருநாளை எடுத்துவிட்டது. பெயரை யாராலும் எடுக்க முடியவில்லை.

பிரிட்டன் தீவுக்கு இந்தப் பெயரை அரண்மனை வழியே கொண்டுவந்தவர் இன்னொரு மார்கரெட்: ஹங்கேரியில் பிறந்த ஆங்கிலேய இளவரசி, ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் மால்கமின் மனைவி. 1093இல் இறந்தார், 1250இல் புனிதர் பட்டம் பெற்றார்.

பெயர் வருமுன்பே சொல் வந்துவிட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் முத்துக்கு ‘மெரெகிரோட்’ என்று பெயர். ‘மெரெ’ என்றால் கடல், ‘கிரோட்’ என்றால் துகள். கடல் துகள்! பார்த்தால் அசல் ஆங்கிலக் கூட்டுச்சொல். உண்மையில் அது வாயில் நுழையாத ‘மார்கரீட்டா’வைத் தெரிந்த இரண்டு சொற்களாக உடைத்துப் போட்டுக்கொண்ட வேலை. பொருள் தெரியாத சொல்லை எந்த நாக்கும் சும்மா விடுவதில்லை. ஏதாவது ஒரு பொருளைக் கட்டிவிட்டுத்தான் ஓயும். பிறகு பிரெஞ்சு வழியே ‘பேர்ல்’ வந்து குடியேற, கடல் துகள் வழக்கொழிந்தது. மார்கரெட் என்றால் முத்து என்பதும் மறந்துபோனது.

பொருள் போனதும் பெயர் இளகியது. மார்கரெட் சுருங்கி ‘மெக்’ ஆனாள். நாம் ‘காப்பி கீப்பி’ என்று முதலெழுத்தை மாற்றி எதிரொலி கொடுப்போம். ஆங்கிலேயர் எதிரொலியையே பெயராக வைத்துக்கொண்டார்கள். மெக், பெக் ஆகிப் பெக்கியானாள். மேரியின் செல்லப்பெயர் மாலி, பாலியானதும் வில்லியம் என்ற வில், பில் ஆனதும் இதே விளையாட்டால்தான். ‘மேக்’ என்ற இன்னொரு சுருக்கம், ‘பை’ என்ற ஒரு பறவையின் தலையில் ஏறிக்கொண்டது. ஓயாமல் கத்தும் அந்தப் பறவைக்கு இன்று ‘மேக்பை’ என்று பெயர். வாயாடி என்றால் பெண்பெயர் சூட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம் போலிருக்கிறது.

டெய்சியின் வழி வேறு. பழைய பிரெஞ்சில் ‘மார்கரீத்’ என்பது முத்துக்கும் பெயர், வெள்ளை இதழ்கொண்ட ஒரு சின்னப் பூவுக்கும் பெயர். அந்தப் பூ ஆங்கிலத்தில் டெய்சி. ஆகவே மார்கரெட்டைப் பூவின் பெயரால் கொஞ்சினார்கள். லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ கதையில் தாய் மார்கரெட்டை மெக் என்கிறார்கள். அதே பெயரிட்ட மகளோ டெய்சி. கூப்பிட்டால் இருவரும் ஒன்றாகத் திரும்பக் கூடாதல்லவா!

முத்து கடைசியில் அடுக்களைக்கும் வந்தது. 1813இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், கொழுப்பிலிருந்து பிரித்த ஓர் அமிலம் முத்துப்போல் மினுங்கியதால் அதற்கு மார்கரிக் அமிலம் என்று பெயரிட்டார். 1869இல் மெஜ்-மூரியே வெண்ணெய்க்கு மாற்றாக ஒரு மலிவான கொழுப்பை உருவாக்கினார். அதற்கும் அதே வேர்: மார்ஜரின். ரொட்டியில் தடவுகிறவர் யாருக்கும் சிப்பி நினைவுக்கு வராது.

முத்து ஏற்றுமதியான கரைக்கே பெயர் திரும்பிவந்தது. இம்முறை மிஷனரிகளின் கைப்பிடித்து. ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் மூத்தவள் மார்கரெட், அடுத்தவள் டெய்சி, கடைக்குட்டி ரீட்டா என்று வைத்துக்கொள்வோம். ரீட்டா, மார்கரீட்டாவின் வால். பெற்றவர்கள் மூன்று பெண்களுக்கு மூன்று பெயர் வைத்ததாக நினைத்திருப்பார்கள், வைத்தது ஒன்றுதான். பாட்டியின் பெயர் முத்தம்மாள் என்றிருந்தால், பேத்திகளுக்குப் பாட்டி பெயரை வைக்கும் நம் வழக்கமும் தவறவில்லை.